படம் இருக்கு, தேடினா கிடைக்குதில்ல: வீட்டுக் கொம்பியூட்டர்ல போட்டோவ அடுக்கிறதும் திருத்திறதும்

பெரியப்பா மோசம் போய் 31ஆம் நாளுக்கு நோட்டீசும் சுவர்ல மாட்ட ஒரு பெரிய படமும் வேணும் எண்டு நிண்ட நேரம், வீட்டுல இருந்த எல்லாரும் போனைத் தூக்கினம். எல்லாருக்கிட்டயும் அவர்ர படம் இருக்கு, ஆனா எங்க இருக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியா. ராத்திரி பத்து மணில இருந்து ரெண்டு மணி மட்டும் நாலு பேர் நாலு போன்ல விரலால தள்ளித் தள்ளித் தேடி, கடைசில கிடைச்சது வட்ஸ்அப் குறூப்ல மூண்டு வருசத்துக்கு முன்னால ஆரோ போட்ட ஒரு படம். அதக் கொண்டு காரைதீவுல இருந்து கல்முனைக்குப் போனா, பிரிண்ட் அடிக்கிற தம்பி பெருசாக்கிப் பார்த்திட்டு "அண்ணே, இது உடையும், ஒரிஜினல் இல்லையா" எண்டு கேட்டார். ஒரிஜினல் இருந்தது. என்ர பழைய லெப்டொப்புக்குள்ள "நியூ போல்டர் 3" எண்டதுக்குள்ள இருந்தது. நான் அதக் கண்டது ஒன்பது மாசம் கழிச்சு.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் எங்கட வீட்டுப் படம் எல்லாத்தையும் ஒழுங்கு படுத்தத் தொடங்கினன். கொம்பியூட்டர் பெருசாத் தெரியாத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி அதை இஞ்ச சொல்லிறன். இதுக்குக் காசு குடுத்து ஒண்டும் வாங்கத் தேவையில்ல, ஒரு ஹார்ட் டிஸ்கத் தவிர.

முதல்ல அந்தத் தம்பி சொன்ன "உடையும்" எண்டா என்ன எண்டு பார்ப்பம், ஏனெண்டா மற்றதெல்லாம் இதுல இருந்துதான் வருது. டிஜிட்டல் படம் எண்டது சின்னச் சின்ன நிறப் புள்ளியள், பிக்சல் எண்டு சொல்லுவாங்க. 12 மெகாபிக்சல் போன் ஒண்டுல எடுத்த படத்துல நீளத்துக்கு 4000 புள்ளி, உயரத்துக்கு 3000 புள்ளி. அதே படத்த வட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது சுருங்கி நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்கு வந்திடும். போன் திரைல பார்க்கக்குள்ள ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் ஆக்கள் ஏமாறுற இடம். இப்ப பெரியப்பாட படத்துல அவர்ர முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்தா வட்ஸ்அப் கொப்பில 500 புள்ளி அகலம்தான் மிஞ்சிச்சு, ஒரிஜினல்ல 1250. அதை 8 அங்குல அகலத்துக்கு அடிச்சா ஒண்டுல அங்குலத்துக்கு 62 புள்ளி, மற்றதுல 156. கையில வச்சுப் பார்க்கிற நல்ல பிரிண்டுக்கு 300 எண்டு சொல்லுவாங்க, சுவர்ல தூர நிண்டு பார்க்கிறதுக்கு 150 போதும். 62 எண்டா கண்ணும் மீசையும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். இல்லாத புள்ளிய எந்தக் கடைலயும் உண்மையா உண்டாக்க ஏலாது, இப்ப வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவு சொப்ட்வெயார்கள் ஊகிச்சுப் போடும், ஆனா அது ஊகிக்கிற கண் பெரியப்பாட கண் இல்ல.

அதால சொந்தக்காரர்கிட்ட படம் கேட்கக்குள்ள "டொகியுமென்டா அனுப்புங்க" எண்டு கேளுங்க. வட்ஸ்அப்லயே அந்தக் கொக்கி மாதிரி அடையாளத்தை அமத்தி டொகியுமென்ட் எண்டு தெரிவு செஞ்சு அனுப்பினா படம் சுருங்காம அப்படியே வரும்.

சரி, வேலைக்கு வருவம். முதல் வேலை எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வாறது. போன், பழைய போன், கமராட மெமரி காட், பென் ட்ரைவ், கலியாண வீட்டுக்காரர் தந்த சீடி, எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல "படங்கள்" எண்டு ஒரு போல்டர் செஞ்சு அதுக்குள்ள வந்த வந்த மாதிரியே கொட்டுங்க. இந்தக் கட்டத்துல ஒண்டையும் அழிக்க வேணாம், அடுக்கவும் வேணாம். போன்ல இருந்து எடுக்கக்குள்ள கேபிள் போட்டு கொப்பி பண்ணுங்க, கட் பண்ணாதீங்க. இடைல கரண்ட் போனா, கேபிள் ஆடினா, கட் பண்ணின ஃபைல் அங்கயும் இல்லாம இஞ்சயும் இல்லாம போகக்கூடும். கொப்பி முடிஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் எத்தினை ஃபைல் இருக்கு எண்டு எண்ணிக்கைய ஒப்பிட்டுப் பார்த்து, நாலஞ்சு படத்தத் திறந்தும் பார்த்திட்டு, மறுகா போன்ல அழிக்கலாம். சிலர் கொப்பி பண்ணினா படத்துட தரம் குறையும் எண்டு பயப்பிடுறாங்க. குறையாது. ஃபைல நூறு தரம் கொப்பி பண்ணினாலும் அது அச்சொட்டா அதே ஃபைல்தான். தரம் குறையிறது வேற இடத்துல, அதைப் பின்னுக்குச் சொல்லிறன்.

இனி போல்டர் பேர். கனபேர் "அம்மா படங்கள்", "கோயில்", "டூர்" எண்டு போடத் தொடங்குவாங்க, நானும் முதல்ல அப்படித்தான் செஞ்சன், ஆனா அம்மா கோயில்ல நிக்கிற படம் எதுக்குள்ள போகும்? ஒரு படத்துக்கு எப்பயும் ஒண்டே ஒண்டா இருக்கிறது அது எடுத்த நாள்தான். அதால நாள வச்சு அடுக்குங்க. முதல்ல வருசத்துக்கு ஒரு போல்டர், அதுக்குள்ள ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒண்டு, பேர் "2019-04-14 சித்திரை வருசம் வீட்டுல" எண்டு. வருசம் முதல்ல, மாசம் அடுத்தது, திகதி கடைசி. ஏன் நாங்க எழுதிற மாதிரி 14-04-2019 எண்டு போடக்கூடாது? கொம்பியூட்டர் பேர இடப்பக்கத்துல இருந்து ஒவ்வொரு எழுத்தா பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். 14-04-2019 எண்டு போட்டா அது 14-11-2008க்குப் பக்கத்துல போய் இருந்திடும், 2019இல அடுத்த நாள் எடுத்த படம் எங்கயோ கீழ கிடக்கும். வருசத்த முன்னுக்குப் போட்டா தானாவே காலவரிசைல நிக்கும், நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. திகதி தெரியாட்டி மாசத்தோட விடுங்க, மாசமும் தெரியாட்டி "1996 அளவில்" எண்டு போடுங்க. தமிழ்ல பேர் வைக்கலாம், விண்டோஸ்ல ஒரு பிரச்சினையும் இல்ல.

எடுத்த நாள் எப்படித் தெரியும் எண்டா, கமராவும் போனும் ஒவ்வொரு படத்துக்குள்ளயும் ஒரு குறிப்பை எழுதி வைக்குது. எக்ஸிஃப் எண்டு பேர். எடுத்த நாள், நேரம், எந்தக் கமரா, ஃபிளாஷ் போட்டதா, ஜிபிஎஸ் திறந்திருந்தா எந்த இடம் எண்டது கூட அதுல இருக்கும். படத்துல ரைட் கிளிக் பண்ணி ப்ரொப்பர்ட்டீஸ், அதுக்குள்ள டீட்டெய்ல்ஸ் எண்டு போனா "டேட் டேக்கன்" எண்டு இருக்கும், அதுதான் உண்மையான நாள். வெளிய போல்டர்ல தெரியிற "டேட் மொடிஃபைட்" எண்டத நம்பாதீங்க, அது ஃபைல்ல கடைசியா கை வச்ச நாள். சாதாரணமா வட்ஸ்அப்ல வந்த படத்துல எக்ஸிஃப் கழண்டு போயிருக்கும், ஆனா அன்ட்ரொயிட் போன்ல அந்தப் படத்துட பேரைப் பாருங்க, 20190414 எண்டு எட்டு இலக்கமும் பின்னுக்கு டபிள்யூஏ எண்டு ரெண்டு எழுத்தும் இருக்கும். அது உங்களுக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்ல, இருந்தாலும் ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், பழைய சின்னக் கமராக்கள்ல பெட்டரி செத்தா மணிக்கூடு ஆரம்பத்துக்குப் போயிடும். அப்ப தங்கச்சிட சாமத்திய வீட்டுப் படம் முழுக்க ஜனவரி ஒண்டாந் திகதி எடுத்ததாக் காட்டும். இதுக்கு ஒவ்வொண்டாத் திருத்தத் தேவையில்ல. உண்மையான நேரம் தெரிஞ்ச ஒரே ஒரு படம் போதும், கேக் வெட்டினது பின்னேரம் ஆறு மணிக்கு எண்டு தெரிஞ்சா அந்தப் படத்துல உள்ள பிழையான நேரத்துக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதே வித்தியாசத்த எல்லாப் படத்துக்கும் சேர்த்துவிட டிஜிகேம் எண்ட சொப்ட்வெயார்ல வசதி இருக்கு.

டிஜிகேம் இலவசம், விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும், நான் அடுக்கிறதுக்கு அதைத்தான் பாவிக்கிறன். முந்தி எல்லாரும் பிக்காசா வச்சிருந்தம், கூகுள் அதை 2016இல நிப்பாட்டிட்டுது. இன்னும் பழைய கொம்பியூட்டர்ல பிக்காசா வச்சிருக்கிறாக்கள் கவனிக்கோணும், அதுல திருத்தி "சேவ்" குடுக்காம விட்ட திருத்தம் படத்துக்குள்ள இல்ல, பக்கத்துல ஒளிஞ்சிருக்கிற வேற ஒரு சின்ன ஃபைல்ல இருக்கும், வேற சொப்ட்வெயார்ல திறந்தா தெரியாது. சும்மா பார்க்கவும் கெதியாத் திருப்பவும் இர்ஃபான்வியூ, ஆழமாத் திருத்த கிம்ப், ரெண்டும் வீட்டுப் பாவனைக்குக் காசில்ல.

ஒரே படம் நாலு தரம் இருக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளது. போன்ல ஒண்டு, வட்ஸ்அப்ல ஒண்டு, பேஸ்புக்ல இருந்து திருப்பி இறக்கினது ஒண்டு. டிஜிகேம்லயே ஒரே மாதிரிப் படங்களத் தேடிக் காட்டிற வசதி இருக்கு. எதை வைக்கிறது எண்டா புள்ளி கூடினத, எக்ஸிஃப் உள்ளத. மற்றத அழியுங்க. ஒரே காட்சிய பத்துத் தரம் எடுத்து வச்சிருந்தா, மட்டக்களப்பு மாமாங்கத்துத் தீர்த்தத்துல எடுத்தது மாதிரி, அதுல ரெண்ட வச்சிட்டு விடலாம், ஆனா அந்தப் பத்துல எங்கயோ ஓரத்துல ஒருத்தர் நிக்கிறாரா எண்டு ஒருக்காப் பெருசாக்கிப் பாருங்க. நான் மங்கல் எண்டு அழிக்கப் போன ஒரு படத்துல பின்னுக்கு எங்கட அப்பப்பா சைக்கிளோட நிண்டார். அவர் நடமாடித் திரிஞ்ச காலத்துல எடுத்த வேற படம் எங்களுக்கிட்ட இல்ல.

இதைவிட முக்கியமான ஒண்டு, ஆரார் நிக்கிறாங்க எண்டு எழுதிறது. எடுத்த நாளைக் கமரா எழுதும், பேர அது எழுதாது. டிஜிகேம் முகத்தப் பார்த்து இது அவரா எண்டு கேட்கும், கொஞ்ச முகத்துக்குப் பேர் சொல்லிக் குடுத்தா மிச்சத்த அதுவே கண்டு பிடிக்கும், அதுவும் உங்கட கொம்பியூட்டருக்குள்ளயேதான் நடக்கும், படம் வெளிய போகாது. ஒரே ஒரு செட்டிங்கப் பாருங்க, பேரையும் குறிப்பையும் படத்துட ஃபைலுக்குள்ளயே எழுதச் சொல்லிற இடம். அதைத் தெரிவு செய்யாட்டி நீங்க மாசக்கணக்கா எழுதினது முழுக்க டிஜிகேமுட தரவுக்குள்ள மட்டும்தான் இருக்கும், கொம்பியூட்டர் மாத்தினா போச்சு. முதல்ல பத்துப் படத்துல சோதிச்சுப் பாருங்க, விண்டோஸ் ப்ரொப்பர்ட்டீஸ்ல அந்தப் பேர் தெரிஞ்சா சரி.

இப்ப திருத்திறது. ஒரு சட்டம் மட்டும், ஒரிஜினல்ல கை வைக்கக்கூடாது. "சேவ் அஸ்" குடுத்து பேருக்குப் பின்னால "திருத்தியது" எண்டு சேர்த்து வேற ஃபைலாச் சேமியுங்க. காரணம் இதுதான்: நாங்க எடுக்கிற படம் கனக்க ஜேபெக் எண்ட வகை. அது படத்த எட்டுக்கு எட்டுப் புள்ளியுள்ள சின்னக் கட்டங்களாப் பிரிச்சு, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தக் கழிச்சு ஃபைலச் சின்னதாக்குது. ஒவ்வொரு தரமும் திருத்திச் சேமிக்கக்குள்ள அந்தக் கழிக்கிற வேலை திரும்ப நடக்கும். போட்டோக் கொப்பிய வச்சுப் போட்டோக் கொப்பி அடிச்சா எப்படி வரும், அது மாதிரி. திறந்து பார்த்தா ஒண்டும் ஆகாது, திருத்திச் சேமிச்சாத்தான்.

என்னட்ட உள்ள ஒரு படத்த வச்சே சொல்லிறன். கண்ணகை அம்மன் கோயில்ல குளிர்த்திச் சடங்கு முடிஞ்ச விடியக்காலை, அம்மம்மா வெள்ளைச் சீலையோட நிக்கிறா, பின்னால வெயில் ஏறின வானம். போன் வானத்தப் பார்த்து வெளிச்சத்த அளந்திட்டுது, அம்மம்மாட முகம் கறுத்துப் போச்சு. முதல்ல படத்த நேராக்கினன், பின்னுக்கு மதில் சரிஞ்சிருந்தது. மறுகா ஓரத்துல நிண்ட மோட்டார் சைக்கிள வெட்டினன், ஆனா கால் பக்கம் வெட்டல்ல, ஏனெண்டா அவ செருப்பில்லாம மண்ணுல நிக்கிறது எனக்கு வேணும். அடுத்தது வெளிச்சம். முழுப் படத்தையும் வெளிச்சமாக்கினா வானம் வெள்ளையா வெந்து போகும், அதால "ஷடோஸ்" எண்ட இழுவைய மட்டும் கூட்டினன், அது இருட்டான இடத்த மட்டும் தூக்கும். இதுல கூட்டிக்கொண்டு போனா ஒரு கட்டத்துல தோல் சாம்பல் பூசின மாதிரி வரும், புள்ளி புள்ளியாவும் தெரியும், அதுக்கு முன்னால நிப்பாட்டோணும். வெள்ளையா எரிஞ்ச இடத்துல பிறகு என்ன செஞ்சாலும் ஒண்டும் வராது, இருட்டுல எண்டா கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும், அதால படம் எடுக்கக்குள்ளயே முகத்துல விரல வச்சு அமத்தி எடுத்தா இந்தப் பாடு பாதி குறையும்.

கடைசியா நிறம். படம் நீலமாத் தெரிஞ்சிச்சு. கிம்ப்ல "லெவல்ஸ்" எண்டதுக்குள்ள சொட்டுக்குழாய் மாதிரி மூண்டு அடையாளம் இருக்கு, நடுவில உள்ளத எடுத்து, நிறமே இல்லாம இருக்க வேண்டிய ஒரு இடத்துல அமத்தோணும். நான் அமத்தினது அம்மம்மாட சீலை மடிப்புல நிழல் விழுந்த இடம். உடனே நெத்தில இருந்த திருநீறு திருநீறாவும் அவட நிறம் அவட நிறமாவும் வந்திட்டுது. அவ கறுப்புத்தான், நல்ல எண்ணெய் பூசின கறுப்பு. சில ஆக்கள் இந்த இடத்துல முகத்த வெள்ளையாக்கி வழவழப்பாக்கி விடுறாங்க, ஸ்டூடியோலயும் கேட்காமலே செஞ்சு தாறாங்க, அது எனக்குச் சரியான கவலை. பூட்டப்பிள்ளை நாளைக்கு இந்தப் படத்தப் பார்த்துத்தான் பூட்டிய அறியப் போகுது.

பழைய அல்பத்துப் படத்துக்கும் இதே முறைதான், ஸ்கேன் பண்ணிறது மட்டும் கூட. நாலுக்கு ஆறு அங்குலப் படத்த 600 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியா, ஸ்கேன் பண்ணினா 2400க்கு 3600 புள்ளி வரும், ரெண்டு மடங்கு பெருசா அடிக்கப் போதும். ஸ்கேனர் இல்லாட்டி யன்னலுக்குப் பக்கத்துல படத்தத் தட்டையா வச்சு ஃபிளாஷ் இல்லாம நேர மேல இருந்து எடுங்க. படத்துட முதுகுல ஆரும் எழுதியிருந்தா அதையும் சேர்த்து எடுங்க. மாரி காலத்து ஈரத்துல கண்ணாடியோட ஒட்டின படத்தப் பிச்சு எடுக்கப் போகாதீங்க, பிச்சா நிறம் கண்ணாடியோட போயிடும், கண்ணாடியோடயே படம் பிடியுங்க. வெள்ளத்துல நனைஞ்ச அல்பம் எண்டா காயிறதுக்கு முன்னால படங்கள ஒண்டொண்டாப் பிரிச்சு, நல்ல குளிர் தண்ணில மெதுவா அலசி, முகம் மேல பார்க்க நிழல்ல காய விடுங்க. அடுக்கினபடி காஞ்சா கட்டியாயிடும்.

இவ்வளவும் செஞ்சு எல்லாம் ஒரே கொம்பியூட்டருக்குள்ள இருந்தா, அந்தக் கொம்பியூட்டர் போற அண்டைக்கு எல்லாம் சேர்ந்து போகும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலைல எங்கட வீடு கடற்கரைப் பக்கம்தான் இருந்தது. இரும்புப் பெட்டிக்குள்ள துணில சுத்தி வச்சிருந்த ரெண்டு அல்பமும் பெட்டியோட போச்சு. அம்மா அப்பாட கலியாணப் படம் இண்டைக்கு எங்களுக்கிட்ட இருக்கு எண்டா, சின்னம்மா கனடாக்குப் போகக்குள்ள அதுல ஒரு பிரதிய சூட்கேசுக்குள்ள வச்சுக் கொண்டு போனதாலதான். கல்லடில, பாண்டிருப்புல, திருக்கோயில்ல எத்தினை வீட்டுல ஆக்களும் போய் அவங்கட முகம் உள்ள ஒரு படமும் மிஞ்சாமப் போச்சு எண்டு இந்தக் கரைல உள்ள எல்லாருக்கும் தெரியும்.

போட்டோக்காரர் பீட்டர் குரோக் எண்டவர் பரப்பின 3-2-1 எண்ட முறைய எனக்குப் பின்னாளில ஒருத்தர் சொல்லக்குள்ள சின்னம்மாட சூட்கேஸ்தான் ஞாபகம் வந்திச்சு. மூண்டு கொப்பி, ரெண்டு வகைச் சாதனத்துல, ஒண்டு வேற இடத்துல. கொம்பியூட்டர்ல உள்ளது ஒண்டு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒண்டு, மூண்டாவது வேற ஊர்ல இல்லாட்டி இணையத்துல. பென் ட்ரைவ்ல கன காலம் வைக்கிறத நம்பாதீங்க. கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன்ல இருந்து எல்லையில்லாம வைக்கிறது நிண்டுட்டுது, இப்ப இலவசமா 15 ஜிபிதான், அதுலயும் மெயில் எல்லாம் சேர்த்து. இன்னொண்டு, அது உங்கட போனோட சேர்ந்தே ஓடுறது. கூகுள் போட்டோஸ் அப்ல ஒரு படத்த அழிச்சா இணையத்துலயும் அழியும், குப்பைக்கூடைல 60 நாள் கிடந்திட்டு முழுசாப் போயிடும். அதால அத மட்டும் நம்பி இருக்காம டிஸ்க் ஒண்டும் வைங்க.

எங்களுக்கிட்ட ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்டு இஞ்ச அலுமாரிட மேல் தட்டுல, வெள்ளம் வந்தாலும் எட்டாத இடத்துல. மற்றது மட்டக்களப்புல தங்கச்சிட வீட்டுல. சித்திரை வருசத்துக்கு அவ வரக்குள்ள அவட டிஸ்கத் தருவா, நான் அந்த வருசத்துப் படம் எல்லாம் ஏத்தின டிஸ்க அவட கைல குடுத்து விடுவன். அவ தந்ததுல நான் விடுபட்டத ஏத்துவன். போன தரம் மாத்தக்குள்ள அம்மா பக்கத்துல கதிரை போட்டு இருந்து, கனடால இருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பின கலியாணப் படத்துல மூலைல நிண்ட இளந்தாரி ஆரெண்டு சொன்னா. அது பெரியப்பா.